ஒரே வயிற்றுவலி, மூன்று நாடுகள்

போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் கேட்ட கேள்வி இதுதான்: "எந்த நாட்டுல மருத்துவ வசதி நல்லா இருக்கு?" பதிலுக்குப் பதிலா, என் சித்தப்பா பையனுக்கு நடந்ததைச் சொல்றேன்.

அவன் அமெரிக்காவில் வேலை பார்த்தான். திடீரென்று வேலை போனது. அந்த மாதக் கடைசியோடு கம்பெனி இன்சூரன்ஸும் முடிந்தது. அடுத்த வாரம் அடிவயிற்றில், வலது பக்கம் வலி. ஆஸ்பத்திரிக்குப் போனா பில் எவ்வளவு வருமோன்னு பயந்து, ரெண்டு நாள் மாத்திரை போட்டுக்கிட்டுப் படுத்திருந்தான். மூணாவது நாள் கூட்டிட்டுப் போனப்ப குடல்வால் வெடிச்சிருந்தது. ஆபரேஷன் செய்து காப்பாற்றிவிட்டார்கள்.

அங்கே டாக்டரும் இருந்தார், ஆபரேஷன் தியேட்டரும் இருந்தது. 1986-ல் வந்த சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவரைப் பணம் இல்லையென்று திருப்பி அனுப்பவும் முடியாது. ஆனா பில் பின்னாடியே வரும். அதனால, ஒரு நாட்டை எடை போடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: பணத்தை யாரிடம், எப்போது வாங்குகிறார்கள்?

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் வேலையோடு ஒட்டிக்கொண்டது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். 1942-ல் சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. ஆள் பிடிக்க, கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவ இன்சூரன்ஸ் கொடுத்தன. 1965-ல் முதியவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட் வந்தன. நடுவில் இருக்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு இன்றைக்கும் வேலைதான் பாதுகாப்பு.

ஜெர்மனியிலும் சம்பளத்திலிருந்துதான் பிடிக்கிறார்கள். 1883-ல் பிஸ்மார்க் காலத்தில் தொடங்கிய முறை. அடிப்படைச் சந்தா சம்பளத்தில் 14.6 சதவீதம், தொழிலாளி பாதி, முதலாளி பாதி. அதற்கு மேல் ஒவ்வொரு நிதியமும் கொஞ்சம் கூடுதல் வாங்கும். பணம் லாப நோக்கமில்லாத காப்பீட்டு நிதியங்களுக்குப் போகிறது. முக்கியமான வித்தியாசம் எங்கே தெரியுமா? வேலை போய் அரசு உதவித்தொகை வாங்கும்போது, சந்தாவை வேலைவாய்ப்பு அலுவலகம் கட்டும். என் தம்பி அங்கே இருந்திருந்தா, முதல் நாளே போயிருப்பான். ஆஸ்பத்திரியில் தங்கும் நாளுக்கு 10 யூரோ, அதுவும் வருஷத்துக்கு 28 நாள் வரைக்கும்தான்.

பிரிட்டனில் இன்சூரன்ஸ் பேச்சே இல்லை. 1948 ஜூலை 5 அன்று, அன்யூரின் பெவன் சுகாதார அமைச்சராக இருந்தபோது தொடங்கிய என்.எச்.எஸ். பெரும்பாலும் வரிப்பணத்தில் ஓடுகிறது. குடல்வால் ஆபரேஷன் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம், பில் கிடையாது. (வேலை விசாவில் போகிறவர்கள் பெரும்பாலும் வருஷத்துக்கு 1,035 பவுண்டு முன்கூட்டியே கட்டணும், அதையும் சொல்லிடறேன்.)

அப்போ பிரிட்டன்தான் முதலிடமா? அவசரப்படாதீங்க. குடல்வாலுக்குப் பதிலா மூட்டுவலின்னு வச்சுக்குவோம். பிரிட்டனில் முதலில் குடும்ப மருத்துவர், அவர் கடிதம் கொடுத்தால் நிபுணர், பிறகு வரிசை. இங்கிலாந்தில் 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கணும்னு ஒரு இலக்கு இருக்கு. பல வருஷமா அதை எட்ட முடியவில்லை. நல்ல இன்சூரன்ஸ் உள்ள அமெரிக்கருக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் பெரும்பாலும் இதைவிடச் சீக்கிரம் நடந்துவிடும். ஒரு இடத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, இன்னொரு இடத்தில் பில்லுக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. செலவிலாவது அமெரிக்கா மிச்சம் பிடிக்குதான்னா, அதுவும் இல்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 17 சதவீதம் மருத்துவத்துக்குப் போகிறது. பிரிட்டனில் சுமார் 11.

வெளிநாடு கிளம்புறவங்க மூணு விஷயம் விசாரிச்சுக்கோங்க. வேலை போனா என் காப்பீடு எந்தத் தேதியில் முடியும்? முதல் செலவில் என் கையிலிருந்து எவ்வளவு? நிபுணரைப் பார்க்க யார் அனுமதி வேணும்?

இன்னொன்று. அமெரிக்காவில், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி என்றால், வேலை போனபின் பழைய இன்சூரன்ஸைத் தொடர பொதுவாக 60 நாள் அவகாசம் உண்டு. முழுப் பிரீமியத்தையும் நாமே கட்டணும். ஆனா கட்டினா, நின்றுபோன நாளிலிருந்தே செல்லும். அந்த ரெண்டு நாள் வலியோடு படுத்திருந்தப்ப, இது அவனுக்குத் தெரியாது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.