மின்சார வண்டி விலை குறையுமா?

வரி ஒரு பக்கம், சந்தை ஒரு பக்கம்: காத்திருக்கலாமா, வாங்கலாமா?

அதியமான்கோட்டை, தர்மபுரியில் இருந்து சேலம் போகும் சாலையில் சுமார் 7 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள ஊர். அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இங்குள்ள காலபைரவர் கோவில் பெயர் பெற்றது. தேய்பிறை அஷ்டமி அன்று பக்தர்கள் சாம்பல் பூசணியில் விளக்கு ஏற்றி வழிபடுவார்கள்.

ஓசூரில் இருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் பெரிய சாலை, அதியமான்கோட்டையில்தான் வந்து முடிகிறது. அந்தச் சாலையின் மறு கோடியான ஓசூரில் டி.வி.எஸ். கம்பெனியும், ஏதர் கம்பெனியும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கத்தில் ஓலா கம்பெனியின் பெரிய தொழிற்சாலை இருக்கிறது.

வண்டி பக்கத்திலேயே தயாராகிறது. ஆனால் அதன் விலை பக்கத்தில் முடிவாவது இல்லை.

"மின்சார வண்டி வாங்கலாமா? சர்க்கார் வரியைக் குறைக்கும் வரை பொறுத்துப் பார்க்கலாமா?"

இது பல வீடுகளில் கேட்கும் கேள்வி. நகையை அடகு வைத்தோ, தவணைக்கு எடுத்தோ வண்டி வாங்கும் குடும்பத்துக்கு, இது சின்னக் கேள்வி அல்ல.

வரி எவ்வளவு?

மின்சார வண்டிக்கு முதலில் 12 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி இருந்தது. 2019-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந்தேதி முதல் அது 5 சதவீதமாகக் குறைந்தது.

அப்போது பெட்ரோல் வண்டிக்கு வரி 28 சதவீதம். அதாவது, வரி சேராமல் ஒரு லட்சம் ரூபாய் விலை உள்ள பெட்ரோல் வண்டிக்கு 28 ஆயிரம் ரூபாய் வரி. அதே விலை உள்ள மின்சார வண்டிக்கு 5 ஆயிரம் ரூபாய்தான். மின்சார வண்டிக்கு 23 ஆயிரம் ரூபாய் அனுகூலம்.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி நிலைமை மாறியது. 350 சி.சி. வரை உள்ள பெட்ரோல் வண்டிகளுக்கு வரி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மின்சார வண்டிக்கு வரி 5 சதவீதமாகவே நின்றது. 23 ஆயிரமாக இருந்த அனுகூலம் 13 ஆயிரமாகச் சுருங்கியது.

வரி குறைந்தது உண்மைதான். ஆனால் குறைந்தது போட்டிக்காரனுக்கு!

இனி மின்சார வண்டியின் வரியை அடியோடு எடுத்துவிட்டாலும் என்ன ஆகும்? ஒரு லட்ச ரூபாய் வண்டியில் 5 ஆயிரம் ரூபாய் குறையும். அவ்வளவுதான். எனவே வரிக்காக மட்டும் காத்திருப்பதில் பெரிய பலன் இல்லை.

மானியம் போன கதை

வரிச் சலுகை போக, மத்திய சர்க்கார் மானியமும் கொடுத்தது. பேட்டரியின் அளவைப் பார்த்து இந்த மானியம் கொடுக்கப்பட்டது. பேட்டரியை "யூனிட்" கணக்கில் அளப்பார்கள். வீட்டு மின்சாரக் கட்டணத்தில் வருகிற அதே யூனிட்தான்.

2021-ம் ஆண்டு ஜூன் மாதம் மானியம் யூனிட்டுக்கு 15 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் 10 ஆயிரமாக இறங்கியது. 2024 ஏப்ரலில் 5 ஆயிரம் ஆயிற்று. ஒரு வண்டிக்கு 10 ஆயிரத்துக்கு மேல் கிடையாது என்றும் வரம்பு கட்டினார்கள். 2025 ஏப்ரலில் அதுவும் பாதியாகி, யூனிட்டுக்கு 2,500 ரூபாய், வண்டிக்கு 5 ஆயிரம் ரூபாய் என்று ஆனது.

2023 ஜூனில் மானியம் குறைந்ததும் கம்பெனிகள் விலையை ஏற்றின. ஓலா தன் வண்டிகளுக்கு 15 ஆயிரம் ரூபாய் ஏற்றியது. விளைவு? மே மாதம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற மின்சார இரு சக்கர வண்டிகள், ஜூன் மாதம் அதில் பாதிகூட விற்கவில்லை.

"இனி இந்த வண்டி தேறாது" என்று பலர் நினைத்தார்கள். ஆனால் நடந்தது வேறு.

பேட்டரி செய்த வேலை

மின்சார வண்டியில் விலை மிகுந்த பாகம் பேட்டரி. 2010-ம் ஆண்டில் ஒரு யூனிட் லித்தியம் பேட்டரியின் விலை, உலகச் சராசரியில், ஆயிரம் டாலருக்கு மேல். 2024-ம் ஆண்டில் அது 115 டாலர்! பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. லித்தியத்தின் விலை 2022-ம் ஆண்டு கடைசியில் உச்சிக்குப் போய், பிறகு சரிந்தது. சீனாவில் பேட்டரித் தொழிற்சாலைகள் ஏராளமாகப் பெருகின. சரக்கு அதிகமானால் விலை இறங்கும். தக்காளிக்கு உள்ள நியாயம்தான் பேட்டரிக்கும்.

பேட்டரி விலை இறங்கியதோடு, கம்பெனிகளுக்குள் போட்டியும் முற்றியது. 2024 பிப்ரவரியில் ஓலா தன் வண்டிகளின் விலையை 25 ஆயிரம் ரூபாய் வரை குறைத்தது. மற்றக் கம்பெனிகளும் சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் ஓலாவின் 3 யூனிட் வண்டி 99,999 ரூபாய். அதற்குச் சுமார் 44 ஆயிரம் ரூபாய் மானியம் இருந்தது. 2025 ஜனவரியில் அதே கம்பெனி, 3 யூனிட் பேட்டரியோடு ஒரு வண்டியை 89,999 ரூபாய்க்கு அறிவித்தது. அப்போது மானியம் 10 ஆயிரத்துக்கு மேல் இல்லை.

மானியம் 34 ஆயிரம் குறைந்தும், விலை 10 ஆயிரம் இறங்கியது. சர்க்கார் கையை எடுத்த பிறகும் விலையை இறக்கியது சந்தைதான்.

இன்னும் குறையுமா?

குறைய வழி உண்டு. ஆனால் தடையும் உண்டு.

முதல் தடை, நஷ்டம். 2023-24-ம் ஆண்டில் ஓலாவுக்கு மட்டும் 1,584 கோடி ரூபாய் நஷ்டம். நஷ்டத்துக்கு விற்கிற கடை என்றைக்கும் அதே விலைக்கு விற்க முடியாது.

இரண்டாவது தடை, வெளிநாட்டுச் சரக்கு. பேட்டரியின் செல்கள் பெரும்பாலும் சீனாவில் இருந்து வருகின்றன. மோட்டாருக்குத் தேவையான விசேஷ காந்தமும் அங்கிருந்துதான் வருகிறது. 2025 ஏப்ரலில் சீனா அந்தக் காந்தத்தின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. நம் நாட்டுக் கம்பெனிகள் திண்டாடிவிட்டன. கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே செல் தயாரிக்க ஓலா ஒரு தொழிற்சாலை அமைத்தது. இத்தகைய முயற்சிகள் பலித்தால் விலை இன்னும் இறங்கலாம்.

எனவே, விலை படிப்படியாகக் குறையலாம். ஒரே நாளில் பாதியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

யார் வாங்கலாம்?

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் ஓடும் என்று வைத்துக் கொள்வோம். மின்சார வண்டி 100 கிலோ மீட்டர் ஓட, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 4 யூனிட் ஆகும். யூனிட் 8 ரூபாய் என்று தாராளமாகவே போடுவோம்.

தினமும் 40 கிலோ மீட்டர் சுற்றுகிற பால்காரருக்கு, மாதம் பெட்ரோல் செலவு 2,400 ரூபாய். மின்சாரம் என்றால் 400 ரூபாய்க்குள். மாதம் 2 ஆயிரம் மிச்சம். மின்சார வண்டியின் விலை 20 ஆயிரம் ரூபாய் அதிகம் என்றாலும், பத்தே மாதத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும். விலை குறையட்டும் என்று அவர் ஒரு வருஷம் காத்திருந்தால், அவருக்குத்தான் நஷ்டம்.

அதியமான்கோட்டையில் இருந்து தர்மபுரிக்கு வேலைக்குப் போய் வருகிறவர் தினமும் 15 கிலோ மீட்டர் ஓட்டுவார். மாதம் 25 நாளைக்கு அவருக்கு மிச்சம் சுமார் 630 ரூபாய். அந்த 20 ஆயிரம் திரும்ப இரண்டே முக்கால் வருஷம் ஆகும். அவர் யோசித்துச் செய்யலாம்.

கோவிலுக்கும் சந்தைக்கும் மட்டும் வண்டி எடுக்கிற குடும்பம், அவசரப்பட வேண்டியதே இல்லை. பழைய வண்டியே போதும்.

கடையில் கேட்க வேண்டியவை

விலை மலிவான வண்டி என்றால், பேட்டரி எத்தனை யூனிட் என்று முதலில் கேளுங்கள். 3 யூனிட்டுக்குப் பதில் 2 யூனிட் வைத்து விலையைக் குறைப்பது உண்டு. அந்த வண்டி ஓடும் தூரமும் குறையும்.

பேட்டரிக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம் என்று எழுத்தில் வாங்குங்கள். சில கம்பெனிகள் 8 வருஷம் வரை தருகின்றன. இது முக்கியம். ஏன் தெரியுமா? வண்டியோடு வரும் பேட்டரிக்கு வரி 5 சதவீதம். பிறகு தனியாக வாங்கினால் 18 சதவீதம்! சர்க்கார் வரியைக் குறைக்க நினைத்தால், கைவைக்க வேண்டிய இடம் இதுதான்.

பழுது பார்க்கும் இடம் தர்மபுரியில் உண்டா, அல்லது சேலம் வரை போக வேண்டுமா என்று கேளுங்கள். வீட்டில் சார்ஜ் போடும் இடத்தில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

வரி எப்போது குறையும் என்பது டெல்லியில் முடிவாகும். பேட்டரி விலை உலகச் சந்தையில் முடிவாகும். ஆனால் நம் வண்டி தினமும் எத்தனை கிலோ மீட்டர் ஓடுகிறது என்பது நமக்குத் தெரியும். ஒரு மாதம் அதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வாங்கலாமா, பொறுக்கலாமா என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.