கணக்கு உதைக்கிறதா? ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்

பேரேட்டின் கூட்டுத்தொகையும் ரசீதுகளின் கூட்டுத்தொகையும் ஒத்துவராவிட்டால் நம்மில் பலருக்கு முதலில் வருவது சந்தேகம்தான். கடைப் பையன் மீது, கணக்கெழுதுபவர் மீது, சில வேளை பங்காளி மீதும்கூட. அதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள்.

கிரானில் நெல் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் கணக்கில் 45,000 ரூபா குறைந்தது. கணக்கெழுதும் இளைஞரை நிறுத்திவிடும் யோசனையில் இருந்தார் அவர். 45,000ஐ 9ஆல் வகுத்தேன். மீதியின்றி 5,000 வந்தது. எனவே பதினாயிரம், ஆயிரம் ஆகிய இடங்களில் 5 வித்தியாசமுள்ள இலக்கங்கள் அடுத்தடுத்து வரும் தொகைகளை மட்டும் தேடினோம். ரசீதில் 483,670 என்று இருந்தது பேரேட்டில் 438,670 என்று பதியப்பட்டிருந்தது. காசு எங்கும் போகவில்லை; 8உம் 3உம் இடம் மாறியிருந்தன.

இதன் காரணம் எளிது. 10க்கும் 1க்கும் இடைவெளி 9. 100க்கும் 10க்கும் 90. பதினாயிரத்துக்கும் ஆயிரத்துக்கும் 9,000. எண் எவ்வளவு பெரிதானாலும், அதன் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் 9இன் மடங்காகவே இருக்கும். ஒரு பூச்சியம் கூடினாலும் குறைந்தாலும் இப்படித்தான். 8,500ஐ 850 என்று எழுதினால் வித்தியாசம் 7,650. அதை 9ஆல் வகுத்தால் தவறாக எழுதிய 850 அப்படியே கிடைக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். 9ஆல் வகுபடுவது ஓர் அடையாளம் மட்டுமே, தீர்ப்பு அல்ல. தற்செயலாகவும் ஒன்பதில் ஒரு தொகை வகுபடும். எழுத்துப் பிழையைக் கண்ணால் கண்ட பின்னரே முடிவுக்கு வாருங்கள். வகுபடாவிட்டால், விடுபட்ட ரசீதையோ வேறு பதிவுப் பிழையையோ தேடுங்கள்.

ஒன்பதைக் கொண்டு கணக்கைச் சரிபார்ப்பது புதிய வித்தை அல்ல. ஹிஜ்ரி 341இல் (கி.பி. 952-53) டமஸ்கஸில் உக்லீதிஸி எழுதிய கணித நூலிலும் இம்முறை உண்டு.

இன்று நம் கடைப் பொருட்களிலுள்ள பார்கோட் எண்ணிலும் இதே வகைக் காவல் இருக்கிறது. இலங்கையில் பதிவு செய்த நிறுவனங்களின் எண்கள் 479 என்று தொடங்கும். 13 இலக்கங்களையும் இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் 10இன் மடங்கு வர வேண்டும். ஓர் இலக்கம் பிழைத்தாலும் கணக்குப் பொருந்தாது. ஆனால் 8உம் 3உம் போல 5 வித்தியாசமுள்ள அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் அந்தக் காவலுக்குத் தெரியாது. எனவே எண்ணைக் கையால் பதியும்போது, திரையில் வரும் பொருளின் பெயரையும் ஒரு தரம் பாருங்கள்.

கல்குலேட்டரில் ஒரு நிமிட வேலை. ஒரு நல்ல ஊழியரை இழப்பதோ பங்காளியுடன் மனக்கசப்பு வருவதோ அதைவிடப் பெரிய நட்டம்.