கிராம ஊராட்சியும் கண்ணாடி இழையும்

கிராமத்திலே வாழும் ஒருவனுக்கு அரசாங்கம் என்பது தலைநகரத்து மாளிகை அன்று. தெருவிளக்கை எரிவித்து, பொதுக் கிணற்றைத் துப்புரவு செய்வித்து, ஆண்டுதோறும் வரி வாங்கும் சிறு காரியாலயமே அவன் கண்ணாற் காணும் அரசாங்கம். இலங்கையில் முன்பு கிராமச் சங்கங்கள் அவ்விடத்தில் இருந்தன; 1988 முதல் பிரதேச சபைகள் இருக்கின்றன. இந்தியாவில் அதற்கு ஒப்பானது கிராம ஊராட்சி. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆந் திகதி நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் அவ்வூராட்சிகளுக்கு உறுதியான ஓர் இடத்தை அளித்தது. அவற்றின் தொகை ஏறக்குறைய இரண்டரை இலட்சம். இவ்வளவு காரியாலயங்களையும் ஒரே வலையமைப்பிற் பிணைத்து, ஒன்றின் பதிவேட்டிலுள்ளதை மற்றொன்று அறியச் செய்வது எவ்வாறு என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

இந்திய அரசாங்கம் 2011 ஒக்டோபரில் இதற்கென ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. தேசிய ஒளியிழை வலையமைப்பு என்பது அதன் முதற்பெயர். 2015இல் பாரத்நெற் எனப் பெயர் மாறியது. ஒளியிழையாவது தலைமயிரளவு மெல்லிய கண்ணாடி நூல். செப்புக் கம்பியில் மின்சாரம் செல்வதுபோல இதனுள் ஒளி செல்கின்றது. ஒளி தோன்றுவதும் மறைவதுமாகிய குறிகளே எழுத்தாகவும் ஒலியாகவும் படமாகவும் மறுமுனையில் மீண்டும் உருப்பெறுகின்றன. ஒவ்வோர் ஊராட்சிக்கும் வினாடிக்கு 100 மெகாபிற், அதாவது பத்துக் கோடி குறிகள் செல்லத்தக்க வழி அமைத்தல் வேண்டும் என்பது திட்டத்தின் இலக்கு.

திட்டம் வகுத்தோர் ஒரு சிக்கன வழியையும் கண்டனர். வட்டாரத் தலைமையிடம் வரையில் அரசாங்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஒளியிழை பெரும்பாலும் முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது. அங்கிருந்து ஊராட்சி வரையுள்ள சில கிலோமீற்றருக்கு மட்டும் புதிதாக இழை புதைத்தாற் போதும். வட்டாரத்தில் ஒரு தலைமைக் கருவி, ஊராட்சியில் ஒரு சிறு பெட்டி. இடைவழியில் ஒளியைக் கிளை கிளையாகப் பிரிக்கும் பிரிப்பான்களுக்கு மின்சாரமே வேண்டியதில்லை. ராஜஸ்தான், ஆந்திரம், திரிபுரா ஆகிய மாநிலங்களில் மூன்று வட்டாரங்களில் 2012இல் முதலிற் பரீட்சித்துப் பார்த்தனர். 2017 டிசெம்பரில் ஓர் இலட்சம் ஊராட்சிகளுக்கு இழை சென்றுவிட்டதெனவும் முதற் கட்டம் முடிந்ததெனவும் அறிவிக்கப்பட்டது.

இழை சென்றது மெய்யே. எனினும், அதனால் ஊராட்சியின் வேலை எளிதாயிற்றா என்பது வேறு வினா. பல இடங்களில் அந்தப் பெட்டி பூட்டிய அறையிற் கிடந்தது. ஒரே செயலாளர் இரண்டு மூன்று ஊராட்சிகளைக் கவனித்தால், அவர் வராத நாளிற் கதவு திறப்பதில்லை. மின்சாரம் நின்றால் பற்றரி சில மணிநேரமே தாங்கும். பற்றரி பழுதானால் மாற்றுவார் எவர் என்பது எவருக்கும் தெரியாது. வீதியை அகலிக்க வந்த இயந்திரம் மண்ணோடு இழையையும் அள்ளிக்கொண்டு போகும். இவற்றைவிட ஆழமான குறை அமைப்பிலேயே இருந்தது. ஊராட்சிகள் ஒரு கோட்டிலே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருந்தன. வாய்க்காலின் தலைமடையில் உடைப்பு ஏற்பட்டாற் கடைமடை வயல்கள் யாவும் காய்வதுபோல, நடுவில் ஓரிடத்தில் இழை அறுந்தால் அதற்கப்பாலுள்ள ஊர்கள் எல்லாம் ஒருங்கே இருளில் ஆழ்ந்தன.

2023 ஓகஸ்டில் அங்கீகரிக்கப்பட்ட திருத்திய திட்டம் இக்குறையை ஒப்புக்கொண்டு எழுந்ததே. இதன்படி ஊராட்சிகள் வளையமாகப் பிணைக்கப்படும். ஒருபுறம் அறுந்தால் மறுபுறமாகச் செய்தி வந்து சேரும். பத்து ஆண்டுப் பராமரிப்புக்கும் இதிற் பணம் ஒதுக்கப்பட்டுள்ளது. மதிப்பீடு 1,39,579 கோடி ரூபா. புதைப்பதற்குப் பணம் தரும் அரசாங்கங்கள் பேணுவதற்குப் பணம் தர மறப்பது உலக வழக்கு. இம்முறை அது மறக்கப்படவில்லை என்ற அளவிற் பாராட்டலாம்.

வலையமைப்பு வாய்க்காலானால் அதில் ஓடும் நீர் தரவு. வாய்க்கால் வெட்டுமுன் நீரைப் பற்றிச் சிந்தித்த மாநிலம் கேரளம். 1996இல் அங்கே மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, மாநிலத்தின் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளூராட்சிகளின் கைக்கு வந்தது. பணம் வந்தபின் கணக்குக் காட்டவேண்டுமன்றோ! ஆதலின் 1999இல் 'இன்ஃபர்மேஷன் கேரள மிஷன்' என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளுக்கு ஒரு மென்பொருள், வரிக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, திட்டங்களுக்கு ஒன்று என 941 கிராம ஊராட்சிகளும் ஒரே விதமான படிவங்களைக் கையாளும் முறை படிப்படியாக ஏற்பட்டது. பழைய பதிவேடுகளைத் தாள் தாளாகப் புரட்டிக் கணினியில் ஏற்றினர். புகழுக்கு உரியதாகத் தோன்றாத வேலை அது. அதனை அவர்கள் முதலிற் செய்தனர். தேசிய ஒளியிழைத் திட்டத்தில் நாட்டிலேயே முதலாவதாக முழுமையும் இணைக்கப்பட்ட மாவட்டமும் கேரளத்தின் இடுக்கியே. அது 2015 ஜனவரியில் நிகழ்ந்தது.

இடுக்கி தேயிலையும் ஏலமும் விளையும் மலைநாடு. மூணாறு, தேவிகுளம், பீருமேடு ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். தரவைப் பகிர்வதிலுள்ள இடர்ப்பாட்டை அவர்களுடைய பெயர்களைக் கொண்டே விளக்கிவிடலாம். கந்தசாமி என்று ஒருவர். தந்தையார் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு எழுதுவது அவர் வழக்கம். தோட்டத்துப் பேரேட்டில் அவர் பெயர் ஆங்கில எழுத்தில். ஊராட்சியின் பதிவேட்டில் மலையாள எழுத்தில். மலைக்கு அப்பால் தமிழ்நாட்டில் அவர் படித்த பாடசாலையில் தமிழ் எழுத்தில். ஆங்கிலத்திலிருந்து மீண்டும் பெயர்க்கும்போது அவர் 'கண்டசாமி' ஆகலாம். மற்றோரிடத்திற் 'கந்தஸ்வாமி' ஆகலாம். முன்னெழுத்து பின்னே போய்க் குடும்பப் பெயராகவும் நிற்கலாம். மனிதன் இம்மூன்றையும் பார்த்து ஒருவரே எனக் கொள்வான். இயந்திரம் கொள்ளாது. அவர் இறந்தபின் விதவை ஓய்வூதியம் கேட்டு வரும் மனைவியிடம், கணவர் பெயரும் இறந்தவர் பெயரும் வேறு வேறு என்று சொல்லப்படுமாயின், எத்துணை விரைவான இழையும் அப்பெண்ணுக்கு உதவாது. மறுப்பு மட்டும் விரைவாக வந்துசேரும்.

இதனாலேயே பொதுக் குறியீடு இன்றியமையாததாகின்றது. இந்தியாவில் ஒவ்வோர் உள்ளூராட்சிக்கும் தனியான ஓர் இலக்கம் வழங்கி ஒரு பொதுப் பெயரேடு அமைத்துள்ளனர். புதூர் என்ற பெயருடைய ஊர்கள் எத்தனை என்பதை எண்ணிப் பார்ப்போருக்கு அதன் அவசியம் விளங்கும். இலக்கம் மாறாதிருந்தால், ஒரு துறை அனுப்பும் பணமும் மற்றொரு துறை வரையும் படமும் ஒரே புதூரையே குறிக்கும். ஊர்களுக்கு இலக்கமிடுவது எளிது. ஆட்களின் பெயர்களை ஒத்துப் பார்ப்பதற்கு அவ்வூரை அறிந்த எழுதுவினைஞர் ஒருவரின் பொறுமை வேண்டும். அவருக்குப் பிழையைத் திருத்தும் அதிகாரமும் வேண்டும். திருத்தம் மாநிலத் தலைநகரில் மட்டுமே செய்யப்படும் என்று விதித்தால், கையாற் கீறி எழுதிய காலத்தைவிட நிலைமை மோசமாகும்.

எல்லாத் தரவையும் ஓரிடத்திற் குவித்தால் இத்தொல்லை தீராதோ என்று கேட்போர் உளர். வடஐரோப்பாவிலுள்ள எஸ்தோனியா என்னும் சிறு நாடு 2001 முதல் வேறொரு வழியைக் கையாள்கின்றது. அங்கே ஒவ்வொரு காரியாலயமும் தன் பதிவேட்டைத் தானே வைத்திருக்கும். வேண்டும்போது ஒன்றை மற்றொன்று பாதுகாப்பான வழியாகக் கேட்டறியும். அவ்வழிக்கு எக்ஸ்-ரோட் என்று பெயர். ஓர் அலுவலகத்திடம் ஏற்கெனவே உள்ள விபரத்தை மற்றோர் அலுவலகம் குடிமகனிடம் மீண்டும் கேட்கலாகாது என்பது அவர்களுடைய கொள்கை. தன்னைப்பற்றிய பதிவுகளை எந்த அலுவலகம் எப்போது பார்த்தது என்பதைக் குடிமகன் பல பதிவேடுகளில் தானே கண்டறியவும் இயலும். கிராமத்தில் இதற்கு நகரத்தைவிடத் தேவை மிகுதி. நகரத்து எழுதுவினைஞருக்கு வரி செலுத்துவோர் அந்நியர். கிராமத்திலோ அவர்கள் உறவினர், அயலவர், தேர்தலில் எதிர்த்து நின்றவர். எவருடைய வரி நிலுவை எவ்வளவு, எவருக்கு எந்த உதவி கிடைக்கின்றது என்பவை வலையமைப்பின் வழியாக ஊர்வாய்க்குப் போய்ச் சேர்தல் தகாது.

ஆனால் ஊராட்சியின் சொந்தக் கணக்கு இவ்வாறு மறைக்கத்தக்கதன்று. 2020 ஏப்ரல் 24ஆந் திகதி தொடங்கப்பட்ட இ-கிராம் ஸ்வராஜ் என்னும் இணையத்தளத்தில் ஊராட்சிகளின் திட்டங்களும் செலவுகளும் எவரும் பார்க்கத்தக்கவாறு வெளியிடப்படுகின்றன. வளைகுடா நாட்டில் உழைக்கும் ஒருவர் தம் ஊர்க் கிணற்றுக்கு எவ்வளவு செலவானது என்பதை அங்கிருந்தே வாசிக்கலாம். கேரளத்தில் 2024 ஜனவரியில் நகரசபைகளிலே தொடங்கி 2025இற் கிராம ஊராட்சிகளுக்கும் விரிந்த கே-ஸ்மார்ட் என்னும் புதிய முறையின் வாயிலாக, அவர் வெளிநாட்டிலிருந்தபடியே தம் திருமணத்தையும் பதிந்துகொள்ளலாம். கிணறு உண்மையில் வெட்டப்பட்டதா என்பதை மட்டும் ஊரிலுள்ள எவரேனும் போய்ப் பார்த்து, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்கவேண்டும்.