நிரல்மொழி இலக்கண விதி மாற்றமும் பிழை கண்டறிதலும்

ஒரு நிரலின் வரிகள் மொழியின் இலக்கணத்துக்குப் பொருந்துகின்றனவா எனப் பார்த்து, அவற்றை உறுப்புகளாகப் பிரித்து மர வடிவில் தரும் மென்பொருள் பாகுபடுத்தி (பார்சர்) எனப்படும். சில மொழிகளில் இதன் விதிகளை விரிவாக்கலாம். எடுத்துக்காட்டாக, புரோலாக் மொழியில் நிரல் எழுதுபவரே புதிய செயற்குறிகளை வரையறுக்க முடியும். புதிய விதி தன்னளவில் சரியாக இருந்தும், அது அண்டை விதிகளோடு மோதிப் பழைய நிரல்களைப் பழுதாக்குவது உண்டு. இத்தகைய பிழைகளில் மூன்று வகைகள் அடிக்கடி நேர்கின்றன.

வரிசைப் பிழை

பிரையன் ஃபோர்டு 2004-இல் விளக்கிய பெக் இலக்கண முறையில், ஒரு விதியின் மாற்று வடிவங்கள் எழுதிய வரிசையிலேயே சோதிக்கப்படும். முதலில் பொருந்துவதே ஏற்கப்படும்.

ஒப்பீடு ← "<" / "<="

இவ்விதியில் இரண்டாம் வடிவம் ஒருபோதும் தேர்வாகாது. "<" ஏற்கப்பட்டதும் "=" தனியே எஞ்சி நிற்கும்; பிழைச்செய்தியும் அந்த "=" குறியையே சுட்டும். நீளமான வடிவத்தை முதலில் எழுதுவதே தீர்வு.

இடப்பக்கச் சுழற்சி

கழித்தல் ← கழித்தல் "-" எண் / எண்

இவ்விதி தொடக்கத்திலேயே தன்னை அழைக்கிறது. சிறப்பு ஏற்பாடு இல்லாத மேலிருந்து கீழ் நோக்கும் பாகுபடுத்தி இதில் முடிவின்றிச் சுழலும். இதைத் தவிர்க்க, "எண்" முதலிலும் "கழித்தல்" இறுதியிலும் வருமாறு விதியைத் திருப்பி எழுதினால் சுழற்சி நிற்கும். ஆனால் 9-4-2 என்பது 9-(4-2) எனப் பிரிந்து, 3-க்குப் பதிலாக 7 என விடை வரும். பிழைச்செய்தி எதுவும் வராது.

சொல் மோதல்

பைத்தான் 3.7 (2018) பதிப்பில் "ஏசிங்க்" என்ற சொல் மொழிக்கே உரிய ஒதுக்கப்பட்ட சொல்லானது. அதை மாறியின் பெயராக வைத்திருந்த நிரல்கள் இயங்கவில்லை. 3.10 (2021) பதிப்பில் வந்த "மேட்ச்" என்ற சொல்லோ, தனக்குரிய இடத்தில் மட்டும் கட்டளையாகவும் பிற இடங்களில் பெயராகவும் கொள்ளப்படுகிறது. 3.9 (2020) பதிப்பில் அறிமுகமான பெக் வகைப் பாகுபடுத்தி இதற்கு வழிசெய்தது.

கண்டறியும் முறை

1. பிழை தரும் நிரலை ஓரிரு வரிகளாகச் சுருக்க வேண்டும்.
2. புதிய விதியை நீக்கி, அதே வரிகளை மீண்டும் சோதிக்க வேண்டும். பிழை நீங்கினால் காரணம் அந்த விதியிலோ, அது மோதும் விதியிலோ உள்ளது.
3. எந்த விதி எந்த எழுத்தில் தொடங்கி எங்கே தோற்றது என்பதைத் தடப்பதிவில் பார்க்க வேண்டும். பிழைச்செய்தி சுட்டும் இடமும் பிழை பிறந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.
4. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் மரங்களை ஒப்பிட வேண்டும்.
5. திருத்தியபின் பழைய நிரல்கள் அனைத்தையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

இவற்றுள் நான்காவது படி பலரும் விட்டுவிடுவது. நிரல் ஏற்கப்பட்டது என்பதாலேயே அது சரியாகப் பிரிக்கப்பட்டது என்று கொள்ள முடியாது. 9-4-2 இரு முறைகளிலும் ஏற்கப்படுகிறது. வேறுபாட்டை மரமே காட்டும்.