செட்டிநாட்டின் அடிநிலமும் காவிரிப் படுகையின் ஆழ்கடற் படிவுகளும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தின் மேற்பரப்பில் காணப்பெறுவன செம்மண்ணும் செம்புரைக்கல்லுமே. அவற்றின் கீழே பழங்கடல் ஒன்றின் விளிம்பு புதைந்துள்ளது. கோண்டுவானாப் பெருநிலம் உடைந்து, இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து விலகத் தொடங்கிய ஜுராசிக் கால இறுதியிலும் கிரெட்டேசியஸ் காலத் தொடக்கத்திலும் காவிரிப் படுகை ஒரு பிளவுப் பள்ளமாக உருவாயிற்று. செட்டிநாடு அதன் மேற்கு ஓரத்தில் அமைந்த நிலமாகும்.

அப்பிளவு ஒரே பள்ளமாக அமையவில்லை. புவியோடு வடகிழக்கு–தென்மேற்காக முறிந்தது. சில பாளங்கள் தாழ்ந்தன, இடைப்பட்டவை மேடுகளாக எஞ்சின. அவற்றுள் ஒன்றைப் புவியியலாளர் தேவகோட்டை–மன்னார்குடி மேடு என வழங்குவர். மேடுகளின்மீது படிவுகள் மெல்லியவை. தாழ்ந்த உட்படுகைகளிலோ அவற்றின் தடிமன் சில இடங்களில் ஐந்து கிலோமீட்டரையும் கடக்கிறது. நிலத்தின் மேல் நிற்போர்க்கு இவ்வேறுபாடு புலனாகாது. ஆழ்துளைக் கிணறுகளும் நிலநடுக்க அலை அளவீடுகளுமே இதனைக் காட்டின.

பிளவின் முதற்கட்டச் சான்று சிவகங்கை அருகே வெளிப்படும் மேல் கோண்டுவானா அடுக்குகளில் உள்ளது. உருண்டைக்கற்களும் மணற்கல்லும் களிப்பாறையும் தொன்மையான நைஸ் பாறைமீது நேரே படிந்துள்ளன. உயர்ந்து நின்ற விளிம்பிலிருந்து அரித்து வரப்பட்ட பொருள்களே இவை. உள்ளிருக்கும் தாவரப் புதைபடிவங்கள் அருகே நிலம் இருந்தமையை உணர்த்துகின்றன.

படுகை தாழத் தாழக் கடல் உட்புகுந்தது. அதன் ஆழமான கட்டத்தைக் காரைக் களிப்பாறை காட்டுகிறது. (இக்காரை பெரம்பலூர் மாவட்டத்துச் சிற்றூர், காரைக்குடியோடு மயங்கலாகாது.) அம்மோனைட்டு, பெலம்னைட்டு ஆகியவற்றின் ஓடுகள் அங்குக் கிடைக்கின்றன. ஆழத்தை உய்த்துணர உதவுவன ஃபோராமினிஃபெரா எனும் நுண்ணுயிரிகளே. கடற்றரையில் வாழ்ந்தவற்றைவிட நீரில் மிதந்தவற்றின் விழுக்காடு மிகுந்தால், அவ்விடம் கரையிலிருந்து விலகிய ஆழ்நீர் எனக் கொள்ளப்படும்.

இப்பாறைகளை ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் விரிவாக விளக்கினார். ஈராண்டுகள் கழித்து, லெமூர்களின் பரவலை விளக்க ஸ்கிளேட்டர் லெமூரியாக் கருதுகோளை முன்வைத்தார். பின்னர் அதனைக் குமரிக்கண்டத்தோடு இணைத்தோர் உண்டு. ஆயின் காரைப் படிவுகளின் வயது ஏறத்தாழ 9 முதல் 11 கோடி ஆண்டுகள். மனித இனத்தின் வயதோ சுமார் 3 இலட்சம் ஆண்டுகளே. கடல்கோள் மரபுக்குப் புவியியற் பின்புலம் தேடுவோர் ஆராயத்தக்கது பாக் நீரிணையின் ஆழமற்ற தரை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதினும் 120 மீட்டர் அளவிற்குத் தாழ்ந்திருந்தபோது, அது இலங்கையையும் தமிழகத்தையும் இணைத்த நிலமாக இருந்தது.