நின்ற இடத்தில் அணையும் எஞ்சின்

நெடுஞ்சாலையில் குறையேதுமின்றி ஓடிய வண்டி, ரயில்வே கேட்டருகே நின்றதும் இரண்டொரு முறை நடுங்கி அணைந்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கும் வரை ஓடும். காலை எடுத்தால் நிற்கும். இதனைச் சிறு தொல்லையென்று தள்ளிவிடலாகாது. மலைப்பாதையின் வளைவொன்றில் எஞ்சின் அணைந்தால், பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிடம் ஓரிரு மிதிப்புகளிலேயே தீர்ந்துபோகும். விசைத்துணையுள்ள ஸ்டியரிங்கும் உடனே கனத்துவிடும்.

வேகத்தில் மறைந்து நிற்கும் குறை மெதுவாக ஓடுகையில் வெளிப்படுவது ஏன்? 1,000 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 800 சுற்றுகளில் அதன் பிஸ்டன்கள் விட்டுக்கொடுக்கும் இடம் 400 லிட்டர். ஆயினும் திராட்டில் தகடு ஏறத்தாழ மூடியிருப்பதால், உள்ளே காற்றழுத்தம் வெளியழுத்தத்தில் மூன்றிலொரு பங்கே இருக்கும். ஆகவே எஞ்சின் உண்மையில் உட்கொள்ளும் வெளிக்காற்று நிமிடத்திற்குச் சுமார் 130 லிட்டர்தான். இந்நிலையில் இன்டேக் மானிபோல்டில் இணைந்த ரப்பர்க் குழாயொன்றில் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை விழுந்தால், அதன் வழியே நிமிடத்திற்குச் சுமார் 30 லிட்டர் காற்று கள்ளத்தனமாக நுழையும். கலவை நலிந்துவிடுகிறது. திராட்டில் முழுதும் திறந்து 4,000 சுற்றுகளில் ஓடும்போதோ உட்செல்லும் காற்று 2,000 லிட்டரை நெருங்கும். உள்ளும் புறமும் அழுத்தம் ஏறத்தாழச் சமமாகிவிடுவதால் துளை காற்றை இழுப்பதும் அரிது. அதே துளை அங்கே ஒரு பொருட்டேயன்று. ஆசிரியர்கள் இதனை ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றைக்கொண்டே வகுப்பில் காட்டலாம்: வாயை விரலால் மூடிப் பிஸ்டனை இழுத்தால் விரலில் தெரியும் உறிஞ்சல், விரலைச் சிறிது விலக்கியதும் தளர்ந்துவிடும்.

எனவே முதலில் தேட வேண்டியது காற்றுக்கசிவு. எஞ்சின் ஓடுகையில் வெற்றிடக் குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் மெல்ல நெரித்துப் பார்க்க. எதனை நெரித்ததும் ஓட்டம் சீர்ப்படுகிறதோ, அதன் வழியில்தான் கசிவு. பிரேக்கை மிதித்தவுடன் மட்டும் எஞ்சின் தடுமாறினால் பிரேக் பூஸ்டரின் உதரத்தகடு கிழிந்திருக்கக்கூடும். மானிபோல்டின் இணைப்புகளில் சிறிது தண்ணீரைத் தெளிக்கலாம். கசிவுள்ள இடம் அதனை உறிஞ்சும்போது ஓட்டத்தில் மாறுதல் கேட்கும். சில பட்டறைகளில் தண்ணீருக்குப் பதிலாகப் பெட்ரோலைத் தெளிக்கும் வழக்கம் உண்டு. சூடான எஞ்சின் மீது அது தீக்கு அழைப்பு. இச்சோதனைகள் யாவும் திறந்த வெளியில் நடைபெறுதல் வேண்டும். மூடிய கொட்டகையில் சைலன்சரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

கசிவு இல்லையெனில், மெல்லோட்டத்திற்குரிய எரிபொருள் வழியை ஆராய்க. கார்புரேட்டரில் ஸ்லோ ஜெட்டின் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவே. ஒரு தூசி போதும் அதனை அடைக்க. கலவைத் திருகை எப்பக்கம் திருப்பினாலும் ஓட்டத்தில் மாறுதல் இல்லையென்றால், அவ்வழி அடைபட்டதென்று கொள்ளலாம். காற்றால் ஊதியே துப்புரவு செய்க. கம்பியால் குத்தினால் துளை அகன்று அளவு கெடும். எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில் தனி ஸ்லோ ஜெட் கிடையாது. அங்கே உள்ளிருக்கும் பிஸ்டனை உயர்த்தி விட்டால் தடையின்றி விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

புதிய கார்களில் எரிபொருள் ஊசித்தெளிப்பு முறையே உள்ளது. அவற்றுள் திராட்டில் தகட்டின் விளிம்பில் படியும் கரியும், மெல்லோட்டக் காற்று வால்வின் அடைப்புமே பெரும்பாலான குற்றவாளிகள். ஒரு நுட்பத்தை இங்கே கருத வேண்டும்: மானிபோல்டின் அழுத்தத்தைக் கொண்டு காற்றைக் கணக்கிடும் அமைப்பில், கசிவு ஏற்பட்டால் எஞ்சின் அணைவதற்கு மாறாக வேகமாகவே ஓடக்கூடும், உட்செல்லும் காற்றை அளக்கும் அமைப்பில்தான் கலவை நலிந்து தடுமாறும்.

தீப்பொறி வலுவற்றிருத்தலும் டாப்பெட் இடைவெளி குறைந்திருத்தலும் அடுத்து ஆராயத்தக்கவை. இடைவெளி போதாவிடில் வால்வு முழுதும் மூடாது. வேகத்தில் வாயு கசிய நேரம் குறைவு. மெல்லோட்டத்தில் தாராளமாக நேரம் கிடைக்கிறது. வெற்றிடமானி இருப்பின் இதனைப் பிரித்தறியலாம். கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் 430 முதல் 530 மில்லிமீட்டர் பாதரச அளவை அசையாது காட்டும். முள் தாழ்ந்து நிலையாக நின்றால் கசிவையோ, தீப்பொறி பிந்துவதையோ ஐயுறுக; தாளம் தவறாது துடித்து விழுந்தால் வால்வைப் பார்க்க.

இவற்றையெல்லாம் விடுத்து, ஸ்லோ திருகை இறுக்கி வேகத்தை உயர்த்திவிடுவதே பலர் செய்யும் வைத்தியம். வண்டி அணையாதுதான், ஆனால் பெட்ரோல் வீணாகும், நோயோ உள்ளேயே வளரும்.

மலைநாட்டில் பணிபுரிவோர்க்கு மற்றொரு குறிப்பு. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தினதில் மூன்றில் இரண்டு பங்கே. சமவெளியில் சரிசெய்த கார்புரேட்டர் அங்கே பெட்ரோல் மிகுந்த கலவையைத் தரும். எஞ்சின் கரும்புகை கக்கி அணையும். அங்கே கலவையைக் குறைத்துக்கொண்டவர்கள், கீழே இறங்கியதும் திருகைப் பழைய நிலைக்குக் கொணர்தல் வேண்டும்.