இழுப்பது சரி, நிறுத்துவது?

ஒரு டிராக்டர் எத்தனை டன் இழுக்கும் என்று எங்கள் சோமனூரில் யாரைக் கேட்டாலும் பதில் வரும். அந்த எடையை அதே டிராக்டர் நிறுத்துமா என்று போன கோடை வரைக்கும் நானும் யோசித்ததில்லை.

என் மாமாவிடம் 35 குதிரைத்திறன் டிராக்டரும் இரண்டு சக்கர டிரெய்லரும் உண்டு. அன்று காலையில் காட்டில் உழவு ஓட்டிவிட்டு, மதியம் செங்கல் லோடு ஏற்றினார். ஓர் இறக்கத்தில் டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டார். பின்னாலிருந்து டிரெய்லர் தள்ள ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்ததும் டிராக்டர் வலது பக்கம் வெட்டித் திரும்ப, டிரெய்லர் மடங்கிக் கவிழ்ந்தது. மாமாவுக்கு இரண்டு மாதம் காலில் மாவுக்கட்டு. எதிரில் யாரும் வராதது குலதெய்வத்தின் புண்ணியம் என்றார் அத்தை.

“ஏனுங் மாமா, ரெண்டு பிரேக் பெடலையும் சேத்துக் கொண்டி போடலீங்களா?” என்று கேட்டேன்.

“காட்டுல திருப்பறதுக்கு எடுத்து உட்டது கண்ணு. ரோட்டுக்கு வந்தப்ப மறந்தே போச்சு.”

விஷயம் அங்கேதான் இருக்கிறது. டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒரு பெடல், வலதுக்கு ஒரு பெடல். உழும்போது ஒரு பக்கத்தை மட்டும் அழுத்தினால் குறுகிய இடத்தில் திருப்பலாம். ரோட்டில் அதே வசதி எமன். ஒரு பெடல் மட்டும் அழுந்தினால் வண்டி நிற்காது, சுழலும். காட்டை விட்டு ஏறும்போதே இரண்டையும் கொண்டியால் பூட்டிவிட வேண்டும்.

அடுத்தது கணக்கு. அன்று ஏற்றியது 2,000 கல். கல் ஒன்று 3 கிலோ என்றால் 6 டன். டிரெய்லரின் சொந்த எடை ஒன்றரை டன் என்று வைத்தால் மொத்தம் 7.5 டன். இழுக்கிற டிராக்டரோ 2 டன்கூட இல்லை. 20 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில், எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 375 கிலோ, முன்பக்கம் தள்ளும். சக்கரம் உருளுவதில் போகும் தடையைக் கழித்தாலும் பெரிய தள்ளல்தான். நம் பக்கத்து டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. கியரில் இருந்தால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். நியூட்ரல் போட்டால் அந்தப் பிடியும் போச்சு. எந்தக் கியரில் மேடு ஏறுமோ அதே கியரில் இறங்குவதுதான் முறை. வேகத்தையும் பாருங்கள்: 20 கி.மீ.யிலிருந்து 30 ஆக்கினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு.

லோடு அடுக்குவதிலும் சூட்சுமம் உண்டு. இரண்டு சக்கர டிரெய்லரில் அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் கொக்கி மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரம் பிடி இழக்கும். முன்னால் ரொம்பக் கூடினால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது. அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் வீட்டு டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள், டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழும்படி சாமானை அடுக்குகிறார்கள். கனமான டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்று அங்கே பல மாநிலங்களில் சட்டமே இருக்கிறது. நாமோ அதைவிடக் கனத்தைச் செங்கல்லாக ஏற்றுகிறோம்!

கொக்கிப் பின்னைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தொலைந்த பின்னுக்குப் பதில் பழைய போல்ட்டைச் செருகி ஓட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். துளைக்குப் பொருந்தும் பின்னாக இருக்க வேண்டும்; அது குதித்து வெளியே வராமல் அடியில் பூட்டுக் கிளிப் வேண்டும். கூடவே ஒரு சங்கிலி. பின் உடைந்தாலும் டிரெய்லர் தனியாக ஓடிவிடாது. இழுக்கும் இடம் பின் அச்சைவிடத் தாழ்வாக இருக்கட்டும். உயரத்தில் மாட்டி இழுத்தால் டிராக்டர் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓட்டுகிறவர் மேலேயே சாயும்.

இரவு ஷிஃப்ட் முடிந்து தறிக்காரர்கள் டூவீலரில் வரும் ரோடுகள் நம்முடையவை. விளக்கில்லாத டிரெய்லர் ஓரமாக நின்றால் கிட்டே வரும் வரைக்கும் தெரியாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளே பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கேட்கின்றன. அதற்கு ஆகும் செலவு ஒரு டீக்கடைக் கணக்கு.

ஆட்களை ஏற்றுவது வேறு கொடுமை. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கிடா வெட்டுக்கு டிரெய்லரில் ஏறிப் போனவன்தான் நானும்.

மாமாவின் டிரெய்லருக்கு இப்போது புதுப் பின், சங்கிலி, ரிஃப்ளெக்டர் மூன்றும் போட்டாகிவிட்டது. டிரெய்லருக்குத் தனி பிரேக் வைக்கப் பட்டறையில் விலை கேட்டிருக்கிறோம். அதுவரைக்கும் நடைக்கு 1,000 கல்தான் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.